ஏலத்துக்குப் போன நாற்பது நூல்கள்

எங்கள் ஊரில் மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் இடது கையால் எழுதுவார்கள். நான் தட்டச்சு செய்து போட்டேன். இயந்திரத்துக்குக் கையெழுத்து கிடையாது, யார் அடித்தாலும் ஒரே எழுத்துதான் விழும் என்று அப்போது உறுதியாக நம்பினேன். யாரையும் எதையும் நம்பாத நான் நம்பிய ஒரே விஷயம் அது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் போடி வியாபாரிகள் சிலர் கமிட்டி வைத்து ஒரு நூலகம் நடத்தினார்கள். பொட்டு வைத்தவர்களும் வேதக்காரர்களான கிறிஸ்தவர்களும் கலந்த கமிட்டி. என்ன புத்தகம் வாங்குவது என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே வராது, ஒருவரும் படிப்பதில்லை என்பதால். கீழே சாக்குக் கடை, மாடியில் நூலகம். நூலகர் ஒருவர், உதவிக்குச் சின்னப் பெண்ணாக நான். மதுரையில் நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பில் சேர வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. முந்தின வருஷம் நேர்முகத்தில் தட்டச்சு தெரியுமா, நூலகரின் பரிந்துரைக் கடிதம் இருக்கிறதா என்று இரண்டே கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டும் என்னிடம் இல்லை. இந்தத் தடவையும் இடம் கிடைக்காவிட்டால் இனி மதுரைப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

அதனால் வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி தேனிக்குப் போய்த் தட்டச்சு படித்தேன். தமிழ் இயந்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. புள்ளி வைத்த எழுத்து வேண்டுமென்றால் முதலில் புள்ளியைத்தான் அடிக்க வேண்டும். அடித்தால் இயந்திரம் நகராது. பிறகு எழுத்தை அடித்தால் அது வந்து புள்ளிக்குக் கீழே உட்காரும். கூடப் படித்தவர்கள் எல்லாம் இதில் தடுமாறினார்கள். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. எழுத்து இன்னதென்று தெரிவதற்கு முன்பே புள்ளி வைத்துவிடும் புத்தி எனக்கு ஏற்கெனவே இருந்தது.

அது அப்பா வழிச் சொத்து. அவர் பஜாரில் சரக்கு எடுக்கும்போது மூட்டை வாயில் இருப்பதைப் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியில் கிடப்பதை அள்ளிப் பார்ப்பார். நானும் அப்படித்தான். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இரண்டு நாள் யோசிப்பேன்.

படிப்பில் சேரும் முன்பே, அங்கே படித்து முடித்த ஒருத்தியிடம் குறிப்பு நோட்டுகளை வாங்கி மனப்பாடம் செய்திருந்தேன். கேட்லாக் கார்டு எழுதும் முறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். எட்டு இடம் விட்டு ஆசிரியர் பெயர், இனிஷியல் பெயருக்குப் பின்னால். அடுத்த வரியில் பன்னிரண்டு இடம் விட்டு நூலின் பெயர். மளிகைச் சீட்டைக்கூட அப்படித்தான் எழுதினேன். ‘உளுந்து, முழு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதே நோட்டில் கழிவு நூல்கள் என்று ஒரு பாடம் இருந்தது. கிழிந்த நூல்களைத் தனியாகக் கட்டி, பதிவேட்டில் நீக்கி, ஏலம் விட வேண்டும். நல்ல நூல்களையும் கிழிசலோடு சேர்த்துக் கட்டிவிடும் மோசடி உண்டு, கவனம் என்று அந்தப் பெண் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள்.

அந்தச் சிவப்பு மை என் மண்டைக்குள் ஏறியிருந்த நேரத்தில்தான் பின்னறையில் அந்தக் கட்டுகளைப் பார்த்தேன். சாக்கில் சுற்றி, கயிறு போட்ட இரண்டு கட்டு. மேலே நூலகர் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: ‘ஏலம் – 40’. கயிற்றைத் தளர்த்திப் பார்த்தேன். ஒன்றுகூடக் கிழிசல் இல்லை. நாவல்கள், வைத்தியப் புத்தகம், குழந்தை வளர்ப்பு, எல்லாம் நல்ல நிலையில் இருந்தவை. வெளியே கொடுக்கும் பதிவேட்டில் ஒன்றுக்கும் பதிவு இல்லை.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகவே தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் கீழே ஒரு ஜீப் வந்து ஹார்ன் அடிக்கும். நூலகர் தானே கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். என்னைத் தூக்கச் சொன்னதே இல்லை. மேசை இழுப்பறையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார், நான் பக்கத்தில் போனால் மூடிப் பூட்டுவார். ஒரு நாள் அவர் மேசைமேல் காகிதப் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி ஏலக்காய் இருந்தது. கமிஷன் என்று முடிவு கட்டினேன். மனுஷன் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேச மாட்டார். பேசாதவர்களிடம் எப்போதும் ஏதோ இருக்கும் என்பது என் கட்சி.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பதிவேடுகள் எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. கமிட்டி வருஷா வருஷம் இருப்புப் பார்க்கும்போது நாற்பது நூல் குறைந்தால் யார் தலை உருளும்? திருட்டுப் பட்டத்தோடு எந்தப் பரிந்துரைக் கடிதத்தை வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போவது? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பொய்தான் சொல்வார் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தேனிக்குப் போனேன். சாமியைச் சாக்காக வைத்து ஏழரையை நானே கூட்டிக்கொண்டேன். நூலகத்திலும் ஒரு பழைய தட்டச்சு இயந்திரம் இருந்தது. அதில் ‘ழ’வுக்கு வால் தேய்ந்திருக்கும், அடித்தால் அன்றைக்கே பிடிபடுவேன். அதையெல்லாம் யோசிக்கிற மூளை எனக்கு இருந்தது. தட்டச்சு நிலையத்தில் சுவர் ஓர இயந்திரத்தில் உட்கார்ந்து, ‘நம் நூலகத்திலிருந்து நாற்பது நூல்கள் ஏலத்துக்குப் போகின்றன’ என்று தொடங்கி, கீழே பட்டியலும் கொடுத்து, தேனித் தபால் பெட்டியிலேயே போட்டேன். பெறுநர், கமிட்டிச் செயலாளர்.

செயலாளருக்கு ஏலக்காய் வியாபாரம். மலைமேல் தோட்டமும் உண்டு. நாலாம் நாள் கடிதத்தோடு மாடி ஏறி வந்தார். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். விற்றீரா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“நம்ம தோட்டத்துக்குமா அனுப்புறீரு?” என்றார். “யாரக் கேட்டு அனுப்புனீரு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. போடி பஜாரில் ஏலம் என்றால் ஏலக்காய். ஏலத்துக்குப் போகிறான் என்றால் மலைக்கு, ஏலத்தோட்டத்துக்குப் போகிறான் என்று அர்த்தம். நான் பிறந்ததே அந்த வாசத்தில்தான். ஆனால் நோட்டைப் படித்துப் படித்து, எனக்கு ஏலம் என்றால் கூவி விற்பது மட்டும்தான் என்று ஆகிவிட்டிருந்தது. படிக்காத செயலாளர் என் பொய்ப் புகாரைச் சரியாக வாசித்துவிட்டார். நூலகர் மறுக்கவில்லை. காய் எடுக்கும் காலத்தில் கூலிக்குப் போய் மாதக்கணக்கில் லயம் என்கிற தோட்டக் குடியிருப்பில் தங்குகிறவர்களுக்கு, தோட்டத்து ஜீப்பில் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தார். முன்பணம் கட்டாத, ஊரில் ஜாமீன் இல்லாத ஆட்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது கமிட்டியின் விதி. அதனால்தான் பதிவேடு இல்லாமல் சின்ன நோட்டு. கூலி ஆட்கள் படிப்பதற்கா புத்தகம் வாங்கிப் போட்டோம் என்று செயலாளர் சத்தம் போட்டார். எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை ஜீப்பில் முப்பத்தொன்பது நூல்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் நான்தான் எண் பார்த்து எடுத்து வைத்தேன். எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம் அடித்தது.

விளக்கக் கடிதத்தை என்னையே அடிக்கச் சொன்னார். வால் தேய்ந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல அடித்தேன். தவறு தன்னுடையது மட்டுமே, உதவியாளருக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று ஒரு வரி சொன்னார். அதையும் அடித்தேன். திரும்பி வந்த நூல்களின் பட்டியல் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

“பட்டியல மட்டும், அந்தக் கடுதாசில அடிச்சிருந்தியே, அதே மாதிரி எட்டு எடம் விட்டு அடி ஆத்தா. இனிஷியலு பின்னால. பாக்க லட்சணமா இருந்துச்சு.”

அடுத்த எழுத்துக்கான புள்ளியை அடித்திருந்தேன். எழுத்து விழவில்லை. ஊரில் மொட்டைக் கடிதத்தில் கேட்லாக் கார்டு முறையில் பட்டியல் போட எத்தனை பேருக்குத் தெரியும்? இவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான், சார், என்று ஏதோ தொடங்கினேன். “அடி” என்று மட்டும் சொன்னார். அவமானத்தில் கண் கலங்கி, அன்று நாலு தாள் வீணாக்கினேன்.

நாற்பதாவது நூல் பத்து நாள் கழித்து வந்தது. மலையில் கூலிக்குப் போன ஒரு பெண், முப்பது வயது இருக்கும், துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். இனிமேல் புத்தகக் கட்டு வராதுன்னாக, இது எங்கிட்ட தங்கிருச்சு என்றாள். அவள் இருந்த லயத்தில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானாம். சாயந்தரம் அவள் சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். நான் அதை வாங்கி, அவள் கண் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் புரட்டிக் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. ஆனாலும் கடைசிப் பக்கம் வரை பார்த்தேன்.

“மிச்சத்த இங்கன ஒக்காந்து படிச்சுட்டுப் போகட்டுமா ஆத்தா?” என்று கேட்டாள். “அங்கன போனா, முடிவு என்னாச்சுன்னு கேப்பாக.”

நூலகர் என்னைப் பார்த்தார். படிங்க என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் படித்தாள். கீழே ஜீப் ஹார்ன் அடித்தபோது இன்னும் சில பக்கங்கள் பாக்கி இருந்தன. மடியிலிருந்து ஒரு ஏலக்காய்த் தோலை எடுத்து அடையாளம் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் மதுரைக்குக் கிளம்பிய நாள் காலையில், நூலகர் பரிந்துரைக் கடிதத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். எனக்கு அதுவரை தூக்கமே இல்லை. கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன். கொடுத்ததும், உள்ளே என்ன எழுதித் தொலைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். உறையின் வாய் ஒட்டாமல் இருந்தது. ஒட்டலையே சார் என்றேன்.

“ஒட்டுனா மட்டும் பிரிக்காமயா இருக்கப் போற?” என்றார்.

தேனி வரும் வரைகூடப் பொறுக்க முடியவில்லை. பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். ஒற்றை விரலால் அவரே அடித்த கடிதம், ‘ழ’வுக்கெல்லாம் வால் இல்லை. எல்லாம் நல்லதாகவே எழுதியிருந்தார். கடைசி வரி: ‘எதையும் சரிபார்க்காமல் விட மாட்டார்.’ நேர்முகத்தில் அந்த வரியை ஒருவர் சத்தமாக வாசித்து, இப்படிப்பட்டவர்தான் இந்த வேலைக்கு வேண்டும் என்றார். இடம் கிடைத்துவிட்டது.

படித்து முடித்துத் திரும்பியபோது நூலகர் அங்கே இல்லை. கமிட்டி அவரை அனுப்பியிருந்தது. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது என்னிடம் சொல்லவில்லை. அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பூட்டு இல்லை. அந்தச் சின்ன நோட்டு உள்ளேயே இருந்தது. யார் எந்த நூலை எந்தத் திங்கட்கிழமை வாங்கினார்கள், எப்போது திருப்பினார்கள் என்று ஆறு வருஷத்துக்கு எழுதி வைத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, நூல் வரவுப் பதிவேடான அக்செஷன் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். ஒரு தப்புகூட இல்லை.