பத்தாவது கால்

எனக்கு அந்தக் காலத்தில் முன்கோபம் அதிகம். இப்போதும் குறைந்துவிடவில்லை, கத்துவதற்கு மூச்சு போதவில்லை, அவ்வளவுதான். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மதராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சீஃப் சீமைக்குப் போய், ரத்தக் குழாய்களை வெட்டித் தைக்கக் கற்றுவந்தவர். அவரிடம் அந்த வித்தையைப் படிக்க இருந்தது ஒரே ஒரு இடம். கேட்டது நானும் இன்னொருவனும். அவன் முடிச்சுப் போடும்போதே சீட்டி அடிப்பான். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீஃப் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். “ஆளுக்கொரு ஊருக்குப் போங்கள். ஆறு மாதம். காலில் ரத்தக் குழாய் சுருண்டு புடைத்த கேஸ் பத்து. கூட யாரும் இல்லாமல் ஆபரேஷன் செய்து, படம் போட்டு நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். பத்து முடிக்காதவன் என் வார்டுப் பக்கம் வர வேண்டாம். இரண்டு பேரும் முடித்தால் யார் நோட்டு நன்றாக இருக்கிறதோ அவனுக்கு இடம்.”

எனக்கு வாய்த்தது சங்கரன்கோவில். கடைத்தெருவுக்குப் பின்னால் எட்டுப் படுக்கை ஆஸ்பத்திரி. அங்கே எல்லாமே கம்பவுண்டர் அண்ணாச்சிதான். மருந்து கலக்குவதும் அவர், கட்டுப் போடுவதும் அவர், டாக்டர் சொல்வதை நோயாளிக்கு அர்த்தப்படுத்துவதும் அவர். போன அன்றைக்கே அவரிடம் என் பத்துக் கால் விஷயத்தைச் சொல்லி, ரத்தக் குழாய் டாக்டர் வந்திருப்பதாக ஊருக்குத் தெரிவிக்கச் சொன்னேன்.

“குழாய்னு சொன்னா தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு கேப்பாவ சார். நரம்புன்னு சொல்லிருவோம்.”

“நரம்பு வேறே, ரத்தக் குழாய் வேறே அண்ணாச்சி!”

“அது ஒங்க புஸ்தகத்துல. இங்கன பச்சையா ஓடுதது, உள்ள இழுக்கது, சுண்டுதது எல்லாம் நரம்புதான்.”

சந்தை அன்று தமுக்கு அடித்துச் சொல்லியாயிற்று. ‘மதராசிலிருந்து நரம்பு டாக்டர் வந்திருக்கிறார்!’ மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். எனக்கு வாயெல்லாம் பல். பத்துக் கால் என்ன, ஒரு வாரத்தில் எண்பது கால் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எல்லாரும் ஆம்பிளைகள். அதிலும் பாதிப்பேர் துண்டால் முகத்தை மூடியிருந்தார்கள்.

“காலைக் காட்டும்” என்றேன் முதல் ஆளிடம்.

“காலு நல்லாத்தான் இருக்கு ஐயா.”

“பின்னே எங்கே கோளாறு?”

அவர் கூரையைப் பார்த்தார். கம்பவுண்டர் அண்ணாச்சி மருந்துக் கலயத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாளில் சுவர் விளம்பரத்திலும் பத்திரிகைப் பின்னட்டையிலும் நரம்பு என்று ஒரு சொல் வந்தால், தளர்ச்சி என்று அடுத்த சொல் வராமல் இருக்காது. நாற்பது பேரும் லேகியத்துக்கு வந்தவர்கள். நான் போட்ட சத்தத்தில் கட்டிலில் கிடந்த பிரசவக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. தினமும் முகம் மூடிய கூட்டம், தினமும் என் கத்தல். நோட்டின் முதல் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. சீட்டியடிக்கிறவன் நாலு கால் முடித்துவிட்டதாகக் கார்டு போட்டிருந்தான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி மாதம் ஒரு காபிக் கடை மாஸ்டர் வந்து சேர்ந்தார். பாய்லர் முன்னால் பதினைந்து வருஷம் நின்ற கால். முழங்காலுக்குக் கீழே குழாயெல்லாம் மண்புழு சுருண்டாற்போல் புடைத்து, கணுக்காலில் ஆறாத புண். அவரைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுக்காததுதான் பாக்கி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தேன். தொடை இடுக்கில் ஒரு வெட்டு, கணுக்காலில் ஒரு வெட்டு. கீழிருந்து மேலே குழாய்க்குள் கம்பியை நுழைத்து, முடிச்சு முடிச்சாகக் கிடந்த அந்தக் குழாயை முழுசாக உருவி எடுத்தேன். பங்குனியில் புண் ஆறிவிட்டது. முதல் பக்கம் நிறைந்தது.

வைகாசியில் மாஸ்டரின் வீட்டுக்காரி வாந்தி எடுத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து!

கடைக்கு வருகிறவனுக்கெல்லாம் மாஸ்டர் காபியோடு சேர்த்து இந்தக் கதையையும் ஆற்றிக் கொடுத்திருக்கிறார். ஊர் கணக்குப் போட்டுவிட்டது. கம்பவுண்டர் அண்ணாச்சி எனக்கு விளக்கினார். “புண்ணு எங்க சார்? கணுக்கால்ல. நீங்க கத்தி வச்சது எங்க? தொடை இடுக்குல. சனங்க என்ன முட்டாளா? அடைச்ச நரம்பை நீங்க அவுத்து விட்டுட்டீயன்னு பேசிக்கிடுதாவ.”

“நான் எதையும் அவிழ்க்கவில்லை! உருவி எறிந்தேன்!”

“அதைச் சொல்லாதீய சார். கூட்டம் கலைஞ்சிரும்.”

இப்போது துண்டு போய்விட்டது. முகத்தை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள். வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டி, “கிழிங்க ஐயா” என்றார்கள். எல்லாம் நல்ல கால்கள். திட்டித் துரத்தினேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் உண்மையான கோளாறுக்காரர்களும் கலந்து வந்தார்கள். ஒரு போலீஸ்காரர், ரயிலடிப் போர்ட்டர் ஒருவர், பாடம் நடத்தி நின்றே தேய்ந்த ஒரு வாத்தியார், வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு வயற்காட்டுச் சம்சாரி. பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். ஆனி முடியும்போது ஒன்பது பக்கம் நிறைந்திருந்தது.

பத்தாவது கால் கிடைக்கவே இல்லை. ஆடித்தபசுக்கு நாலு நாள் இருந்தது. திருவிழாவுக்கு மறுநாள் நான் ரயிலேற வேண்டும். தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். நான் சாமி கும்பிடப் போனவர்களின் கணுக்காலையே பார்த்துக்கொண்டு ரதவீதியைச் சுற்றினேன். ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டாள். ஓடி வந்துவிட்டேன்.

ஒரு நெசவாளி ஆனி முழுக்க வந்துகொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. நாலு தடவை திருப்பி அனுப்பியிருந்தேன். வாழைத்தண்டு மாதிரிக் கால். அன்று காலை ஐந்தாவது தடவையாக வந்து நின்றார்.

“ஐயா, மச்சினன் வீட்டு விசேசத்துல எம் பொஞ்சாதிக்குக் குங்குமம் குடுக்காம தாண்டிப் போயிட்டாவ. வீட்டுக்கு வந்து அழுதா. நீங்க மனசு வையுங்க.”

அவரை நிற்க வைத்தேன். தடவினேன், அழுத்தினேன், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வலது முழங்காலுக்குப் பின்னால் லேசாக ஒரு நீலக் கோடு. யார் காலிலும் இருப்பது. என் காலிலும் இருக்கிறது. உட்கார்ந்து நோட்டைத் திறந்து ‘ஆரம்ப நிலை’ என்று எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது. அதுதான் இப்போது நினைத்தால் அவமானமாக இருக்கிறது.

மறுநாள் மேசையில் படுத்துக்கொண்டு அவர் ஒரு வார்த்தை வலி என்று சொல்லவில்லை. குழாயை உருவித் தட்டில் போட்டேன். அவர் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார்.

“இதையா உருவுனீய? சிக்கும் இல்ல, முடிச்சும் இல்ல. நல்ல இழையால்லா இருக்கு!”

கம்பவுண்டர் அண்ணாச்சி தட்டின் மேல் துணியைப் போட்டு மூடினார். முன் ஒன்பதுக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை. அதன் பிறகு நான் ஊரை விட்டுக் கிளம்பும்வரை அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை.

மதராசில் சீஃப் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சீட்டியடிக்கிறவனும் பத்து முடித்திருந்தான். என் பத்தாவது பக்கத்தில் சீஃப் நின்றார். “முற்றின கேஸை எவனும் கண்டுபிடிப்பான். ஆரம்ப நிலையில் பார்க்க இந்தக் கண் வேண்டும்” என்று எழுந்து என் தோளைத் தட்டினார். இடம் எனக்கு.

அடுத்த வருஷம் அதே சீஃப், பீடி குடித்துக் குடித்து ரத்த ஓட்டம் அடைபட்ட ஒரு காலுக்கு மாற்றுப் பாதை போட்டார். நான் எதிரே நின்று வெட்டுவாயை விலக்கும் கொக்கியைப் பிடித்திருந்தேன். நோயாளியின் இன்னொரு காலிலிருந்து, நான் பத்துத் தடவை உருவி எறிந்தேனே, அதே குழாயை அவர் பூப்பறிப்பதுபோல் எடுத்து, அடைப்பைத் தாண்டி வைத்துத் தைத்தார். “கால் அழுகினால் இதை வைத்துத்தான் காப்பாற்ற முடியும். கெட்டதை எடுத்தால் வைத்தியம். நல்லதை எடுத்து எறிந்தவன் கையை முறிக்க வேண்டும்” என்றார். கொக்கியை ஒழுங்காகப் பிடிக்கும்படி இரண்டு தடவை என்னைத் திட்டினார்.

அந்த வாரமே அந்த நெசவாளி வார்டு வாசலில் வந்து நின்றார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கையில் என் அம்மாவுக்கென்று அவரே நெய்த சேலை.

“ஒரு பையனும் வேணும்னு அவ ஆசைப்படுதா ஐயா. இடது காலையும் கிழிச்சு விட்டிருங்க.”

வராந்தாவில் அவரை உட்கார வைத்தேன். “வே, உம்ம காலிலே ஒரு கோளாறும் இருந்ததில்லை. என் நோட்டு நிறையணும்னு பொய் எழுதி வெட்டினேன். நான் செய்தது பாவம். என்னை மன்னிச்சிரும்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “என்ன பேச்சு பேசுதீய! கோளாறு இல்லைன்னா இவ எப்படி வந்தா?”

“அது தானா நடந்தது வே.”

“நாலு வருசம் நடக்காதது, நீங்க வெட்டுன பொறவு தானா நடந்துச்சாக்கும்! ஒங்களுக்கு இப்ப சோலி கூடுதல். முடியாதுன்னா சொல்லுங்க, நான் மதுரைக்குப் போறேன். அங்கன ஒருத்தரு செய்யுதாராம்.”

போய்விடுவார். அந்த மதுரைக்காரனும் பத்துக்குக் கால் தேடுகிறவனாக இருப்பான். அவர் பையில் பீடிக்கட்டு வேறு துருத்திக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவருடைய இடது காலைப் பிடித்துக்கொண்டேன்.

“வே, கேளும். இதிலே இருக்கது மூல நரம்பு. இதை யாராவது தொட்டா இருக்கதும் போயிரும். மதுரைக்காரன் இல்லை, நானே வந்து கேட்டாலும் காட்டாதீரும். பீடி குடிச்சாலும் இது செத்துப்போகும்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. பீடிக்கட்டை எடுத்து அங்கேயே சாக்கடையில் போட்டார். “நல்லவேளை ஐயா, உண்மையைச் சொன்னீய” என்று என்னைக் கும்பிட்டுவிட்டு, குழந்தையை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இடது காலை நோகாமல் வைத்து வைத்துப் படியிறங்கிப் போனார்.