என் தொண்டையில் வாழ்ந்த கொரியா அம்மா

"அக்கா, பேசுறது நீங்கதானே? உயிரோடதானே இருக்கீங்க?"

ஷார்ஜாவிலிருந்து செல்வி. நாங்கள் தமிழில் பேசித் தரும் கொரியத் தொடர்களைப் பார்த்து, சானலில் நம்பர் வாங்கிப் பேசி, பிறகு எனக்குத் தோழியே ஆகிவிட்டவள். துபாயில், கராமாவில் என் வீட்டு அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டிருந்தது. இதென்னடி கூத்து என்று சிரிக்கப் போனேன். அவள் சிரிக்கவில்லை.

"நம்ம கொரியா அம்மா செத்துட்டாங்கன்னு போன்ல போட்டிருக்கான்க்கா. இங்க டிவியில அவங்க படத்தை வச்சு, வெள்ளைப் பூ வச்சு, எல்லாரும் விழுந்து கும்பிடுறாங்க. அப்பப் பார்த்து அந்தப் படம் 'சாப்பிட்டாச்சா?'ன்னு கேக்குது. உங்க குரல்ல கேக்குது. அதான் உடனே உங்களுக்குப் போட்டேன்க்கா."

தோ மியோங்-நான் இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. வளைகுடாத் தமிழர்களுக்கு அவர் கொரியா அம்மா. பல வருடங்களாக சத்வாவில் உள்ள ஒரு சின்ன ஸ்டுடியோவில் அவருக்குத் தமிழ் பேசியவள் நான். அவருடைய முகமும் என் சத்தமும் சேர்ந்த ஒருத்தியைத்தான் இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவளில் பாதி போய்விட்டாள். மீதிப் பாதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்து அழுதாள்.

அந்தப் படம் பேசிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆளுக்கொன்று கட்டிவிடுவீர்கள். சினிமாவில் பிணமாக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எழுப்பி, சிரிக்க வைத்து, ஒரு ஷாட் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். எங்கள் ஸ்டுடியோவிலும் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சிக்கு டப்பிங் பேசியவர், அதே மைக்கில் உயிருள்ள வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஹெட்போனைக் கழற்ற வேண்டும். நான் எப்போதும் "சாப்பிட்டாச்சா?" என்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஷாஜி "ஆச்சு சேச்சி" என்பார். பிறகு அதை வெட்டிவிடுவார். கொரியா அம்மா திரையில் எத்தனையோ முறை செத்திருக்கிறார், அத்தனை முறையும் ஷாஜி ஒழுங்காக வெட்டியிருக்கிறார். இந்த ஒரு முறை மறந்துவிட்டார்; தொடரில் வந்த சாவுச் சடங்கில், அவர் படத்தின் மேல் அந்த வார்த்தை போய் விழுந்தது. அது ஒளிபரப்பான மாலையும், சியோலிலிருந்து செய்தி வந்த மாலையும் ஒன்றாகப் போயிற்று.

அன்று கத்தாரில், ராஸ் லஃபானில் ஒரு தொழிலாளர் கேம்ப்பிலிருந்தும் போன் வந்தது. மன்னார்குடிப் பக்கத்துக்காரர். "ரூம்ல நாலு பேர் பாத்துக்கிட்டிருந்தோம்க்கா. அம்மா சாப்பிட்டாச்சான்னு கேட்டதும் எங்க முருகன் 'இன்னும் இல்லம்மா, இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்தேன்'னு பதில் சொல்லிப்புட்டான். அப்புறம்தான் செத்தவங்க கேக்குறாங்கன்னு உறைச்சுது. இப்ப லைட்டை அணைக்கவே விட மாட்டேங்குறான்." எனக்குச் சிரிப்பும் வந்தது, குளிரும் எடுத்தது.

அவருடைய தொழில் வாழ்க்கை எவ்வளவு நீளம் என்பதை நான் தலைகீழாகத்தான் கற்றேன். எங்கள் சானல் முதலில் புதிய தொடரை வாங்கும். அது ஓடினால் அதற்கு முந்தையதை வாங்கும், பிறகு அதற்கும் முந்தையதை. பழையது மலிவு. ஆகவே நான் முதலில் அவரைத் தள்ளாத கிழவியாகத்தான் சந்தித்தேன். அடுத்து மருமகளைப் பிழிந்தெடுக்கும் பணக்கார மாமியார். அதற்கடுத்து மீன் விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் விதவை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் வாயால் கடைசி மூச்சு விட்டவர், ஞாயிற்றுக்கிழமை கன்னத்தில் சதை வைத்து, இடுப்பில் குழந்தையோடு வந்து நிற்பார். நான் வருடத்துக்கு வருடம் நரைத்துக்கொண்டிருந்தேன், அவர் இளமையாகி, நிமிர்ந்து, அழகாகிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் ஸ்டுடியோக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

என்ன நடிகை அவர்! வாய்விட்டு அழவே மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைவார், அவ்வளவுதான். அந்த முதுகுக்கு என்ன சத்தம் கொடுப்பது? மூச்சுதான். அவர் எங்கே இழுக்கிறார், எங்கே பிடித்துவைக்கிறார், எங்கே விடுகிறார் என்று கேட்டுக் கேட்டு, என் மூச்சே அவர் தாளத்துக்குப் போய்விட்டது. "நீ தூங்கறப்போ வேற யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு" என்று என் கணவர் ஒரு நாள் சொன்னார். தமாஷுக்குச் சொன்னார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

செய்தி வந்த மறுநாள், பள்ளிக்குக் கிளம்பிய மகளிடம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். அவள் ஷூவைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். "அம்மா, ஸ்டாப் இட். அந்த வாய்ஸ்ல பேசாதீங்க. ப்ளீஸ்." நான் எந்தக் குரலையும் எடுக்கவில்லை! சாதாரணமாகத்தான் கேட்டேன். மறுபடி பேசிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன், பயந்து மூடிக்கொண்டேன். சொந்தக்காரி போய்விட்டாள், குரல் மட்டும் என்னிடம் நிற்கிறது. இனி வாயைத் திறந்தால் வருவது நானா, அவரா? அந்த ஒரு பயம் என்னைச் சோறு தின்னவிடவில்லை.

நாகர்கோவிலிலிருந்து என் அம்மா போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "ஏ மக்ளே, போதும் கேட்டியா. செத்தவளுக்க வாயா நீ இருக்காண்டாம். வேற எதாம் ஜோலி பாரு."

சானலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு படம். அவருடைய முதல் படம், கறுப்பு வெள்ளை. அஞ்சலியாகப் போட அவசர அவசரமாக வாங்கியிருந்தார்கள். அதில் அவர் சின்னப் பெண். நான் பேசவில்லை, வேறு யாராவது பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல சத்வாவுக்குப் போனேன். கலாஸ், இதோடு முடிந்தது என்று பஸ்ஸில் போகும்போதே மனதுக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தால் ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறாள். கொரிய மொழி. ஆனால் குரல் என்னுடையது. கல்லூரி நாடகத்தில் நான் பேசிய அதே குரல், அதே மெல்லிய கீச்சு. அந்த வயதில் என்னை யாரும் பதிவு செய்ததே இல்லை. ஷாஜி திரும்பிப் பார்த்தார், அவருடைய முகமும் சரியாக இல்லை. "சேச்சி, நீங்க இத முன்னாடியே வந்து பேசிட்டுப் போயோ? தமிழ் டிராக்கில கிடக்குது. ஞான் தொட்டிட்டில்ல."

"கொரிய பாஷையில பேச எனக்கு எங்க தெரியும் ஷாஜி?"

"அதுதான் சேச்சி ஞானும் ஆலோசிக்குன்னது."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவரை ஒரே ஒரு முறை நேரில் பார்த்தது நினைவுக்கு வந்தது. துபாயில் ஒரு விழாவுக்கு வந்திருந்தார், சானல் என்னை அழைத்துப்போனது. குள்ளம். ஏசியில் கை சில்லிட்டிருந்தது. மொழிபெயர்க்க ஒரு கொரிய மாணவி. "தமிழில் நான் எப்படி இருக்கிறேன், பேசிக் காட்டு" என்றார். அந்த மீன்காரி விதவையின் வசனம் ஒன்றைப் பேசினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வரிக்கு நான் மூச்சை இழுக்குமுன் அவர் இழுத்தார், நான் விட்டபோது அவரும் விட்டார். மொழிபெயர்த்த பெண் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"என் மகனாக நடித்த ஒருவருக்கு என்னைவிட வயது அதிகம். அவர் செத்தபோது பெற்றவள் மாதிரியே அழுதேன்" என்று சொல்லிச் சிரித்தார். திரையில் இத்தனை முறை சாவது பயமாக இல்லையா என்று கேட்டேன். "சாவது சுலபம். கண்ணை மூடி, இருமல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். எழுந்து வீட்டுக்குப் போகும்போதுதான், போவது யார் என்று சந்தேகம் வரும்." எங்கள் சானல் அவரைத் தலைகீழாக வாங்குவதைச் சொன்னேன். கையைத் தட்டி ரசித்தார். "அப்படியானால் உங்கள் மொழியில் நான் பிறப்பதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பாதி வழியில் இறக்கிவிட்டுவிடாதே."

அன்று அது பெரிய மனுஷி அடித்த வேடிக்கை என்று நினைத்தேன். ஸ்டுடியோ நாற்காலியில் வேடிக்கையாக இல்லை. பிறக்க வந்தவளை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. நாகர்கோவில் அம்மா என்னை மன்னிக்கட்டும். ஷாஜியிடம் வசனத் தாளைக் கேட்டேன். முழுப் படத்திலும் அவருக்கு ஒரே ஒரு காட்சிதான், இரண்டே வரி. அத்தனை வருடம் அத்தனை பேருக்கு அம்மாவாக நடித்தவர், கேமரா முன்னால் முதன்முதலாக வாயைத் திறந்தது அந்த இரண்டு வரிக்கு.

உள்ளே போய் ஹெட்போனை மாட்டினேன். திரையில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் மரக் கதவைத் திறக்கிறாள். வெளியே நிற்கும் யாரையோ, அதாவது கேமராவை, அதாவது என்னை, நேராகப் பார்க்கிறாள். அவள் மூச்சை இழுத்தாள், நானும் இழுத்தேன். குரலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது யாருடையது என்று பிரித்துப் பார்க்கவும் தோன்றவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயத்தோடுதான் பேசினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு வரி மட்டும்தான். அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு, அவருடைய குரலிலேயே சொல்லிவிடுகிறேன்:

"அம்மா வெளியே போயிருக்காங்க. உள்ள வந்து உக்காருங்க, இப்ப வந்துடுவாங்க."