வலம் வந்த பள்ளத்தாக்கு

லண்டனில் கிடைக்காத வெயிலைத் தேடி, கால் வீங்க வீங்க விமானத்தில் உட்கார்ந்து, அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போய், கல்லைச் சுற்றி நடந்துவிட்டு வருவதற்கு விடுமுறை என்று பெயர். எங்களுக்கு இதை ஏற்பாடு செய்தவள் அங்கே வேலை பார்க்கும் எங்கள் மகள். அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதமாகிவிட்டது, கொஞ்சம் மனம் மாறட்டும் என்று டிக்கெட்டை அனுப்பிவிட்டாள். மனம் மாற லண்டனில் எங்கள் மோர்டனிலேயே பார்க் இருக்கிறது, அதில் வாத்துகூட நீந்துகிறது என்று நான் சொன்னது எடுபடவில்லை.

என் கணவர் லண்டனில் பஸ் ஓட்டுபவர். ஸ்டென்டுக்குப் பிறகு வீட்டில் இருந்தார். மருத்துவச் சோதனைகள் எல்லாம் தேறி, லைசன்ஸ் திரும்பக் கைக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது. இன்னும் கிடைக்காமல் இருந்தது என்னுடைய அனுமதி மட்டும்தான். அரசாங்கம் தருவதையெல்லாம் நானும் தரவேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே. அவர் மாடிப்படி ஏறினால் நான் கீழே நின்று பார்ப்பேன். குளியலறையில் ஐந்து நிமிடம் கூடினால் கதவைத் தட்டுவேன். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரே என் கைப்பையில் ஒன்று, தலையணைக்குக் கீழே ஒன்று, மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் ஒன்று. ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயம். அவர் ஸ்டியரிங்கில் சரிந்து கிடப்பதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது மனதுக்குள் பார்த்துவிடுவேன்.

நாங்கள் சுற்றி நடக்கவிருந்த பள்ளத்தாக்குக்குப் போகும்போது, மகளுடைய காரில் வைத்து அவர் பந்தயம் கட்டினார்.

"இந்தச் சுற்றை ஒரு இடத்திலையும் குந்தாமல் நடந்து முடிச்சனெண்டால், லண்டனுக்குப் போன கையோடை நான் வேலைக்குப் போவன். நீர் மறிக்கக் கூடாது."

நான் உடனே ஒத்துக்கொண்டேன். அறுபது வயது, பாலைவன வெயில், மூன்றரை மணிநேர நடை. எங்காவது ஒரு கல்லில் குந்தாமலா விடப்போகிறார்? கட்டின கணவன் தோற்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த உத்தம பத்தினி நான்.

பாதை பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் தொடங்கி, கீழே இறங்கி, நடுவில் நிற்கும் ஒரு பெரிய செம்பாறையைச் சுற்றி, மறுபடி மேலே வருகிறது. அழகான இடம்தான், அதை நான் மறுக்கவில்லை. பாறைகள் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாய்ப் படிந்திருந்தன. ஒன்றில் காற்று ஓட்டை போட்டு வளைவு வாசல் செய்து வைத்திருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் தெளிவாக ஒரு பலகையும் இருந்தது. வலப்பக்கப் பாதையால் போனால் செங்குத்தான பகுதியைக் காலைக் குளிரில் இறங்கிவிடலாம், திரும்பி வரும்போது நிழலில் மெல்ல ஏறலாம் என்று அதில் எழுதியிருந்தது. எவரோ நடந்து பார்த்து, யோசித்து எழுதியது.

என் கணவர் நடுவில் நின்ற பாறையைப் பார்த்தார். ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அவருக்குப் பக்தி கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், மூன்று சுற்று, விபூதி. அடுக்கடுக்காக நின்ற அந்தப் பாறை அவருக்குக் கோபுரமாகத் தெரிந்துவிட்டது.

"இதை இடமாச் சுத்தக் கூடாது," என்றார். "வலமாத்தான் போகோணும்."

மகள் ஆங்கிலத்தில் வாதாடினாள். நான் தமிழில் வாதாடினேன். இரண்டு மொழியிலும் தோற்று, பாறை எங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி இடப்பக்கப் பாதையில் அவருக்குப் பின்னால் நடந்தோம்.

அன்றைக்கு அந்தப் பாதையில் வந்த அத்தனை பேரும் எங்களுக்கு எதிரே வந்தார்கள். ஒவ்வொருவரும் சிரித்து, காலை வணக்கம் சொல்லி, கடைசி ஏற்றம் மிகவும் கஷ்டம் என்று அன்போடு எச்சரித்தார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் நின்று, இது எங்கள் வழக்கம் என்று விளக்கம் கொடுத்தார். ஓணான்கள்கூட எதிர்த்திசையில்தான் ஓடின. நான் கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் பந்தயத்துக்காக நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். லண்டன் கலியாண வீடுகளில் எடுத்த பயிற்சி.

நான் சம்பலைத் தொடவில்லை. தொட்டால் தண்ணீர் விடாய்க்கும். பாதையில் கழிப்பறை இல்லை என்று முதல் நாளே மகளிடம் விசாரித்து வைத்திருந்தேன். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் புறப்படும்போது எங்கள் பெண்கள் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. என் போத்தலையும் அவருக்கே கொடுத்துக் குடிக்க வைத்தேன். மகள் கேட்டபோதெல்லாம் குடித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பலகையில் எழுதியிருந்த செங்குத்து, மதிய வெயிலில் எங்கள் முன்னால் வந்து நின்றது. நிழல் என்று ஒரு கையளவும் இல்லை. பாறையின் சூடு சப்பாத்துக்குள் ஏறியது. அவர் எனக்கு முன்னால் நிதானமாக ஏறினார். மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினேன். இப்போது நெஞ்சைப் பிடிப்பார், இப்போது குந்துவார் என்று பார்த்துக்கொண்டே போகும்போது, அவருடைய முதுகு இரண்டாகத் தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

கண் திறந்தபோது என் தலை அவருடைய மடியில் இருந்தது. தன் தொப்பியால் என் முகத்துக்கு வெயிலை மறைத்துக்கொண்டிருந்தார். மகள் போத்தலை என் வாயில் வைத்து, கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னாள். மேல் விளிம்பு அங்கிருந்தே தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிட ஏற்றம் இருக்கும்.

"குந்திட்டியள்," என்றேன்.

"ஓம்."

நான் வென்றுவிட்டேன். பிள்ளையார் கேட்டதைக் கொடுத்துவிட்டார். எனக்கோ வெட்கமாக இருந்தது. பந்தயம் கிடக்கட்டும், நீங்கள் வேலைக்குப் போங்கோ என்று முனகினேன்.

அவர் தொப்பியை அசைக்காமல் பிடித்தபடி சொன்னார்.

"லைசன்ஸ் வந்த அண்டைக்கே போயிருப்பன். என்ரை நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. மூண்டு மாசமா நான் வீட்டிலை இருந்தது உம்மடை பயத்துக்காகத்தான். நான் இல்லாத நேரம் நீர் சாப்பிடாமல் குடியாமல் வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பீர் எண்டு எனக்குத் தெரியும்."

 எனக்குக் கண்ணீர் வழிந்தது. உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டதற்கு அது நல்ல அடையாளம் என்றாள் மகள்.