சாக்கு

தொண்ணூறுகளின் கடைசியில், ஞாயிறு காலைகளில், பெங்களூரில் எங்கள் லேஅவுட் குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் பொம்மனஹள்ளி தாண்டி ஒரு சின்னத் தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போவோம். கூலிக்குப் பதில் காய்கறி. கோடை முடியும் சமயத்தில் வெள்ளரியும் பீர்க்கங்காயும் காய்த்துத் தள்ளும். தோட்டத்துக்காரம்மா கன்னடத்தில் பேசிக்கொண்டே எல்லார் பைக்கும் அள்ளிப் போடுவார்.

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரும் வருவார். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத கால்சட்டை. அவர் குனிந்து ஒரு புல்லைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளரியைக் கடித்துக்கொண்டே கூட்டு உழைப்பின் அருமையைப் பேசுவார். பங்கு போடும்போது முதல் ஆளாக நிற்பார்.

அவர் பை நிறைந்ததும் அந்தம்மா, "சாக்கு சார், சாக்கு" என்பார். கன்னடத்தில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். இவரோ எங்கள் பக்கம் திரும்பி, "என்ன தாராள மனசு பாருங்க! சாக்கே கொண்டாரச் சொல்றாங்க" என்று ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து கோணியை உருவிக்கொண்டு வருவார். வரிசையில் கடைசியாக நிற்பவர்களுக்குக் காம்புதான் மிஞ்சும்.

பாவம், மனிதருக்குப் பாஷை தெரியவில்லை என்று நினைத்தேன். 'போதும்' என்ற தமிழ்ச் சொல்லை அந்தம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் பை நிறைந்ததும், "போதும் சார், போதும்!" என்றார் அந்தம்மா, வெகு தெளிவாக.

செயலாளர் காதருகே கையை வைத்துக்கொண்டு, அதைவிடத் தெளிவான கன்னடத்தில் கேட்டார்: "ஏனம்மா? அர்த்த ஆகலில்லா."

புரியவில்லையாம். கோணி மட்டும் அதற்குள் விரிந்துவிட்டிருந்தது.