முத்தம்மா அலசிய கூழ்

அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தில் முத்தம்மாவுக்குப் பதவிப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளி, அவ்வளவுதான். ஆனால் மரத்தூளிலிருந்து செல்லுலோஸ் எடுக்கும் வேலையில் பாதி அவள் கையில்தான் நடந்தது. சவுக்குத் தூளை ஆவியில் வேகவைத்து, பெராக்சைடில் ஊறப்போட்டு, துணியில் கட்டி அலசிப் பிழிய வேண்டும். பதினைந்து தண்ணீர் மாற்றினால் பழுப்புச் சாறெல்லாம் போய் நார்க்கூழ் மட்டும் நிற்கும். கருவிகளைத் தவிர எதையும் நம்பாத டாக்டர் வைதேகிகூட, "போதுமா முத்தம்மா?" என்று அவளைத்தான் கேட்பார்.

துணி ஆலைகளும் மாத்திரை கம்பெனிகளும் வாங்குகிற செல்லுலோஸைக் குளோரின் சேர்க்காமலே எடுத்துக் காட்ட வேண்டும் என்பது வைதேகியின் வைராக்கியம். ஆறு வருஷம் போராடிய பிறகு, கூழை நேரில் பார்த்து, சோதனைக்குக் கொஞ்சம் மாதிரி வாங்கிப்போக ஒரு கம்பெனி முன்வந்தது.

அவர்கள் வரும் நாள் காலை, பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து முதல் ஆளாக வந்த முத்தம்மா கூழைத் திறந்து பார்த்தாள். லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. விருந்தாளி முன்னால் அழுக்கு வேட்டியை விரிப்பதுபோல் அவளுக்குக் கூசியது. கழிப்பறைக்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, அலசு அலசென்று அலசினாள். கூழ் பளீரென்று வெளுத்தது. பாவம், அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

வைதேகிக்கும் வாயெல்லாம் பல். போன தடவையைவிடச் சூட்டைக் கூட்டியது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வந்தவர்களிடம் கூழை நீட்டி, "இதுல துளி குளோரின் கிடையாது. மத்த ஆலைங்க போடுறது, நம்ம பிளீச்சிங் பவுடர்ல இருக்கே, அதே குளோரின்தான். ஆலைக் கழிவோட ஆத்துல கலந்தா லேசுல போகாது" என்றார்.

டீ தம்ளர் எடுக்க வந்த முத்தம்மா காதில் அது விழுந்தது. குளோரின் என்றால் இரும்பு உருளையில் வரும் விஷப்புகை என்றுதான் அவளுக்குத் தெரியும். காகித ஆலையில் அந்த உருளை கசிந்துதான் அவள் புருஷன் நெஞ்சு வெந்து செத்தான். டப்பாவில் விற்கிற வெள்ளைப் பொடியும் அதுவும் ஒன்று என்று யார் சொன்னார்கள் அவளுக்கு?

அடுத்த மாதம் அவள் ஒப்பந்தம் முடிகிறது. வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம். ஆனால் பொய் டாக்டரம்மா பேரில் போகும்.

"எம்மா, அத்த குடுக்காதம்மா. மஞ்சளா கீதேன்னு நாந்தான் பிளீச்சிங் பவுடர் போட்டேன்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வருவதாகச் சொல்லி வெறுங்கையோடு கிளம்பினார்கள். அந்தப் 'பிறகு'க்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

முத்தம்மா தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "நான் போய்க்கிறேம்மா."

வைதேகி கூழை மூடி வைத்துவிட்டுத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"குளோரின் ஏன் கூடாதுன்னு டெல்லிக்குப் போய்ச் சொன்னேன், ஜப்பானுக்குப் போய்ச் சொன்னேன். தினம் கையால அலசுற உங்ககிட்ட ஒரு நாள்கூடச் சொல்லல. தப்பு என்னோடது. பையை வெச்சுட்டு வாங்க."

தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். ஆறு வருஷத்தில் முத்தம்மா அந்த அறையில் உட்கார்ந்தது அன்றுதான்.