நாய்க்கல்லைச் சுத்தம் செய்தவன்

என் கைப்பேசியில் ஒரு நாயின் படம் இருக்கிறது. உயிருள்ள நாய் அல்ல, கல்லில் செதுக்கிய நாய். வால் சுருண்டு முதுகில் படிந்திருக்கிறது. கழுத்தில் ஒரு பட்டை. வாய் லேசாகத் திறந்து கோரைப்பல் ஒன்று வெளியே தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஊற்றிய கல் என்பதால் படம் முழுக்கக் கறுப்பு. வலது ஓரத்தில் மட்டும், பஞ்சால் துடைத்த இடம் வெளுத்துத் தெரிகிறது. அந்த வெளுப்பில் இரண்டே இரண்டு எழுத்துகள். மிச்ச எழுத்துகள் எல்லாம் படத்துக்கு வெளியே போய்விட்டன. கைப்பேசி மாற்றும்போதெல்லாம் கடைக்காரரிடம் நான் கேட்கிற ஒரே கேள்வி, பழைய படங்கள் சேதமில்லாமல் வந்துவிடுமா என்பதுதான். பேரப்பிள்ளைகளின் படங்களுக்காகக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். நானும் திருத்துவதில்லை.

அந்தப் படத்தை எடுத்து, பிற்பாடு நான் கேட்டபோது அனுப்பியும் கொடுத்தவர் எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு வந்த டாக்டரம்மா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். நெரிசலுக்குள் வளர்ந்தவர், புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே எங்கள் காட்டுக்குள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்து மாட்டுக்குச் சினை ஊசி போடுவதைப் பார்த்து, இந்தம்மா ஒரு மாசம் தாங்குமா என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒன்பது வருடம் இருந்தார். அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் உண்டு. எந்த உயிரைக் கொண்டுபோனாலும் முதலில் அதன் பெயரைக் கேட்பார். நோட்டில் பெயர் எழுதாமல் கையை வைக்க மாட்டார். "மாட்டுக்கெல்லாம் ஏதுங்க பேரு, மாடுதானுங்க" என்று நான் முதல்முறை சொன்னபோது, "உங்களுக்குப் பேரு இருக்குதுல்லங்க, அதுக்கும் ஒண்ணு வைங்க, நான் காத்திருக்கேன்" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவசரத்தில் செவலை என்று சொன்னேன். அதே செவலை கன்று குறுக்கே விழுந்து ஈன முடியாமல் தவித்த நாளில், கொட்டுகிற மழையில் வந்து, தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி, தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தார். கிளம்பும்போது ஒரு தேங்காய் கொடுத்தேன். அதையும் வாங்கவில்லை. "கன்னுக்குப் பேரு யோசிச்சு வைங்க, அடுத்த தடவ எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படிப்பட்டவருக்கு என்றாவது ஒரு நன்மை செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது. அந்த வெறிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் பாதிப்பேரைப் போல நானும் ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு தோண்டியவன். கூட்டாளிகள் பிரிந்தபோது என் பங்குக்கு ஒரு கம்பரசர் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஊரிலேயே வேலை தேடினேன். கும்பாபிஷேகம் செய்கிற கோயில்களில், பழைய கல்லில் ஏறிய அழுக்கை மணலைக் காற்றில் வீசி உரித்தெடுக்கிற வேலை கிடைத்தது. சேண்ட் பிளாஸ்டிங் என்போம். இப்படிச் செய்தால் கல் தேய்கிறது, கூடாது என்று பெரிய கோயில்களில் நிறுத்திவிட்டதாகப் பேச்சு உண்டு. குலதெய்வக் கோயில்களுக்கு யார் வந்து பார்க்கிறார்கள்? எருமப்பட்டி வரைக்கும் எத்தனையோ கோயில்களை நான் பளபளப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்து தூசி அடங்கும்போது தூண்கள் நேற்றுத்தான் செதுக்கியவை போல நிற்கும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் அந்த நேரத்தில் கொஞ்சம் தலைகால் புரியாது.

எங்கள் ஊர்க் காளியம்மன் கோயிலில் மடப்பள்ளிச் சுவருக்குப் பின்னால் நின்றதுதான் நாய்க்கல். நாய் கடித்தவர்கள் மூன்று வாரம் அதற்கு விளக்கெண்ணெய் ஊற்றுவது வழக்கம்; அதனால்தான் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தோம். ஆடு மேய்க்கும் ஒரு அம்மாளை வெறிநாய் கடித்துவிட, அவர் ஊசிக்குப் போக மாட்டேன், எண்ணெய் ஊற்றினால் போதும் என்று அடம்பிடித்தார். விஷயம் காதில் விழுந்ததும் டாக்டரம்மா நேராகக் கோயிலுக்கே வந்துவிட்டார். அந்த அம்மாளைச் சத்தம் போடவில்லை. "எண்ணெய் ஊத்துங்க, நானும் கூட நிக்கறேன். ஊத்தி முடிச்சதும் என் வண்டியில ஏறுங்க, ஊசி போட்டுட்டு வரலாம்" என்றார். எண்ணெய் ஊற்றும்வரை சும்மா நிற்காமல் கல்லைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே குனிந்துவிட்டார். அவ்வளவு காலமும் நாங்கள் ஏதோ சாமி என்று கும்பிட்ட கறுப்பு உருண்டைக்குள் ஒரு நாயை முழுசாகக் கண்டுபிடித்தவர் அவர்தான். மறுநாள் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு வந்து ஓரத்தில் துடைத்தார். பிசுக்குக்கு அடியில் வளைந்து வளைந்து எழுத்து தெரிந்தது. நாங்கள் படிக்கிற எழுத்து அல்ல. பழைய வட்டெழுத்து என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். திருவண்ணாமலைப் பக்கம் இப்படி ஒரு நாய்க்குக் கல் நட்டிருக்கிறார்களாம். எசமான் சண்டையில் செத்த பிறகும் திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயாம். விழுப்புரம் பக்கம் சண்டைச் சேவலுக்கே கல் இருக்கிறதாம். "அந்த நாயோட பேரக்கூட கல்லுல எழுதி வெச்சிருக்காங்க. இத்தனை நூறு வருசம் கழிச்சும் பேரு இருக்கு" என்று சொல்லும்போது அவர் குரல் மாறிப்போனது. எங்கள் கல்லில் மனுசனே இல்லை, நாய் மட்டும்தான் நிற்கிறது. அப்படியானால் அதன் பெயர் நிச்சயம் எழுத்தில் இருக்கும் என்பது அவர் கணக்கு. சேலத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பழைய எழுத்துப் படிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் மூன்று நாள் அவருக்கு வெளியூரில் பயிற்சி இருந்தது. போகும்போது தர்மகர்த்தாவிடமும் என்னிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னார். "ரொம்பப் பெரிய விஷயங்க இது. நல்லாப் பாத்துக்குங்க."

நல்லாப் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த பார்த்துக்கொள்ளல் கழுவுவது, துலக்குவது, பெயிண்ட் அடிப்பது. கும்பாபிஷேக வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. உண்மையில் நாய்க்கல் என் வேலைக் கணக்கிலேயே இல்லை; மடப்பள்ளிக்குப் பின்னால் கிடக்கிற கல்லை யார் கண்டுகொள்வார்கள்? டாக்டரம்மா பெரிய விஷயம் என்று சொன்னதால்தான் அதற்கு மரியாதை வந்தது. "டாக்டரம்மா கும்புட்ட கல்லு தம்பி, அதை மொதல்ல சுத்தம் பண்ணிரு" என்றார் தர்மகர்த்தா. அவர் சொல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன். ஆட்களிடம் விடாமல் வெள்ளிக்கிழமை காலையில் குழாயை நானே பிடித்தேன். பிசுக்கு லேசில் விடவில்லை. காற்றைக் கூட்டினேன். அங்கே எழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அழுக்குப் போனால் எழுத்து பளிச்சென்று தெரியும், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து பார்த்ததும் மலைத்துப் போவார், தேங்காயை வாங்காதவர் இதையாவது வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். முகமூடிக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தது இன்றும் நினைவிருக்கிறது. தூசி அடங்கியதும் நாய் வெள்ளையாக, அழகாக நின்றது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, யாரும் மறுபடி எண்ணெய் ஊற்றிவிடக் கூடாதென்று சாக்கைப் போட்டு மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா அந்தப் பெரியவரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பெரியவர் கையில் சுருட்டிய தாள், மை, தூரிகை எல்லாம் இருந்தன. சாக்கை நானே எடுத்துவிட்டேன். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்து இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, சினைமாட்டின் வயிற்றைத் தடவுவதுபோல மெதுவாகத் தடவினார். மறுபடியும் தடவினார். மேலிருந்து கீழ்வரை தடவினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாயை ஆழமாக வெட்டியிருந்தார்கள், நின்றுவிட்டது. எழுத்தை மேலாகக் கீறியிருந்தார்கள், போய்விட்டது. பெரியவர் தண்ணீர் தெளித்தார், கண்ணாடி கொண்டுவரச் சொல்லி வெயிலைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார், விரல் நுனியால் தேடினார். கடைசியில் தாளைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு, "நானும் எத்தனையோ கோயில்ல பாத்துட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னார். கோபம்கூட இல்லை அவருக்கு.

"யாருங்க செஞ்சது?" என்று டாக்டரம்மா கேட்டார். தர்மகர்த்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் தோளில் தட்டி, "நம்ம தம்பிதானுங்க. உங்களுக்காகவே அவரு கையால செஞ்சு குடுத்தாருங்க" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், அதோடு ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும். அவர் திட்டவில்லை. "சுத்தமா இருக்குதுங்க" என்றார். கொடுத்த டீயை முழுக்கக் குடித்தார். பிறகு கைப்பேசியைத் திறந்து, கல்லைத் துடைத்த அன்று எடுத்த படங்களைப் பெரியவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். பதினோரு படங்கள். பல்லுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, விலா எலும்புக்கு, வாலுக்கு, நான்கு கால்களுக்கும் தனித்தனியாக. பல்லை வைத்து வயதுகூடச் சொல்லிவிடலாம், அப்படி எடுத்திருந்தார். எழுத்தை எடுக்கவே இல்லை. "எழுத்துதான் ஞாயித்துக்கெழமை படிக்கப் போறமேன்னு விட்டுட்டேனுங்க. நான் நாயத்தான் பாத்தேன்" என்றார். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் இரண்டு எழுத்து ஒதுங்கியிருந்தது. பெரியவர் அதைப் பெரிதாக்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். "கல்," என்றார். "கடைசி வார்த்தை. இன்னாரோட கல்லுன்னு இப்படித்தான் முடிப்பாங்க." அது கல் என்பது எங்களுக்கே தெரியும். யாருடைய கல் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஊரில் வயதானவர்கள் வீடுகளுக்கெல்லாம் போய், நாய்க்கல்லை எப்போதாவது யாராவது படம் எடுத்தார்களா என்று கேட்டேன். மொட்டை அடித்த படம், காது குத்திய படம், கிடா வெட்டிய படம் என்று ஆல்பம் ஆல்பமாகக் காட்டினார்கள். எதிலாவது பின்னால் தெரிந்தாலும் கறுப்பு உருண்டையாகத்தான் தெரிந்தது. ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு பெயர் எவர் வாயிலும் இல்லை. டாக்டரம்மா எப்போதும்போல வந்து போய்க்கொண்டிருந்தார். செவலையின் கன்றுக்குப் பெயர் கேட்டார். நான் கயிற்றை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அவரே கறுப்பி என்று எழுதிக்கொண்டார். கோயில் வேலைக்கு அதன்பிறகு நான் போகவில்லை. கம்பரசரைக் கிணற்று வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஆனால் நான் விட்ட கோயிலுக்கெல்லாம் வேறு ஆள் போனான். நிறுத்துங்கள் என்று இரண்டு ஊரில் போய்ச் சொல்லியும் பார்த்தேன். தொழில் போட்டியில் பேசுகிறேன் என்று சிரித்தார்கள்.

இதெல்லாம் போதாதென்று கும்பாபிஷேகத்துக்குக் கல்வெட்டு வைத்தார்கள். இப்போதெல்லாம் கல்வெட்டு என்றால் எங்கள் பக்கம் உபயதாரர் பெயர்ப்பலகைதான். பளபளக்கும் கறுப்புக் கிரானைட்டில் தங்க நிற எழுத்து. மணி கொடுத்தவர், கதவு கொடுத்தவர், அன்னதானம் போட்டவர் என்று வரிசையாக எல்லார் பெயரும் இருக்கிறது. நாய்க்கல்லுக்கு மட்டும் தனியாக ஒரு பலகை அடித்து, அதன் தலைமாட்டிலேயே சுவரில் பதித்துவிட்டார்கள். 'நாய்க்கல் சுத்தம் செய்து கொடுத்தவர்' என்று போட்டு, கீழே இனிஷியலோடு என் பெயர், அப்பா பெயர், ஊர். அதைப் பார்த்த கையோடு தர்மகர்த்தா வீட்டுக்குப் போனேன். எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "இவ்வளவு தன்னடக்கம் ஆவாது தம்பி" என்றார். சண்டை போட்டேன். பெயர் சின்னதாக இருக்கிறது என்று கோபமாக்கும் என்று நினைத்து, பெரிதாக மாற்றித் தருவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டாக்டரம்மா மாற்றலாகி வேறு மாவட்டம் போய்விட்டார். போன மாசியில் கோயில் நோம்பிக்கு என் மனைவி கூப்பிட்டதற்காக வந்திருந்தார். முடி நரைத்திருந்தது. கறுப்பியின் கன்றைத் தடவிவிட்டு, "கோயிலுக்குப் போயிட்டு வரலாமுங்க" என்றார். அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கூடப் போனேன். நாய் வெள்ளையாகவே நின்றது. சுத்தமான கல்லை மறுபடி அழுக்காக்க மனசில்லாமல் ஜனங்கள் எண்ணெய் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள். அவர் பலகையைப் பார்த்தார். வாய்விட்டு, என் பெயரை இனிஷியலிலிருந்து ஊர்வரை நிதானமாகப் படித்தார்.

"எடுத்துரச் சொன்னேனுங்க. கேக்க மாட்டேங்கறாங்க" என்றேன். அறுபதைத் தாண்டிய எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இருக்கட்டுங்க" என்றார். "உங்க போனைக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தேன். கல்லுக்கு எதிரே நின்று பிடித்துப் பார்த்தார். பலகையின் ஓரம் வெட்டுப்பட்டது போலிருக்கிறது. திரும்பிப் பார்த்துவிட்டு, செடியை ஒதுக்கிக்கொண்டு பின்னால் இரண்டடி வைத்தார். நாயும் பலகையும் முழுசாக வந்த பிறகு எடுத்தார். எடுத்ததைச் சரிபார்த்துவிட்டு என் கையில் கொடுத்தபோது, என்னைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கும் ரெண்டடி பின்னால போயிருக்கணுங்க நான்."

இரண்டு படங்களும் இப்போது என் கைப்பேசியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பழைய படத்தில் நாய் கறுப்பாக நிற்கிறது, ஓரத்தில் 'கல்' என்று மட்டும் இருக்கிறது. புதிய படத்தில் நாய் வெள்ளையாக நிற்கிறது, அதன் தலைக்கு மேல் ஒரு எழுத்துக்கூட விடுபடாமல் என் பெயர் இருக்கிறது.