எழுபத்திரண்டுக்குக் கீழே

“மார்ச் 3, திங்கள். காலை 5.40. வெறும் வயிறு. 71.2. நேற்று 70.5. இன்று இரவுச் சாப்பாடு கிடையாது.”

என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது. கடைசி வாக்கியத்தின் அடியில் இரண்டு கோடுகள். இரண்டாவது கோடு தாளைக் கொஞ்சம் கிழித்திருக்கிறது.

எழுநூறு கிராமுக்கு ஒருவன் இவ்வளவு பயப்படுவானா என்று பின்னால் படிக்கிற எனக்கே தோன்றுகிறது. அதனால் முன்னால் நடந்ததையும் எழுதிவைக்கிறேன். என் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் தக்காளி பயிரிடும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கல்லீரல் கெட்டுப்போய்விட்டது, யாராவது ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று செப்டம்பர் கடைசியில் பெங்களூரு மருத்துவமனையில் சொன்னார்கள். அவள் கணவருக்கு, அதாவது மாமாவுக்கு, ரத்த வகை பொருந்தவில்லை. அவர்களுடைய மகளுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. எனக்குப் பொருந்தியது. ஆனால் என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. எடை 84 கிலோ. எடையைக் குறைத்து, குறைத்த இடத்திலேயே சில வாரம் நிற்க வேண்டும், அதன் பிறகு இன்னொரு ஸ்கேன் என்றார் டாக்டர். குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் “72-க்குக் கீழே” என்று எழுதி வட்டமிட்டேன்.

அக்டோபரிலிருந்து ஜனவரி முடிய நான்கு மாதத்தில் 70.6-க்கு வந்தேன். அந்த நான்கு மாதமும் பசித்தது, பயம் இல்லை. எண் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. நின்ற பிறகுதான் பயம் வந்தது. இனிக் குறைவதற்கு எதுவும் இல்லை. ஏறுவதற்கு மட்டுமே இடம் இருந்தது. மறு ஸ்கேன் மார்ச் 19, புதன்கிழமை என்று குறித்தார்கள்.

அக்காவும் தினமும் எடை பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். காலை ஆறு மணிக்கு நான் போன் செய்வேன். முதலில் அவள் எண், பிறகு என் எண்.

“அம்பத்தெட்டு நானூறு. உனக்கு?”

“எழுபது தொள்ளாயிரம்.”

“ரெண்டு பேரும் மண்டிக்குப் போற தக்காளிப் பெட்டியாட்டம் ஆயிட்டம்டா,” என்பாள்.

அவளுக்கு இரண்டு நாளில் ஒரு கிலோ ஏறினால் அது நீர். உடனே பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வடிக்க வேண்டும். அப்படி மூன்று முறை போய் வந்தோம். ஏறுவது என்றாலே ஆபத்து என்று என் மனதில் பதிந்துவிட்டது. மார்ச் 2 அன்று, நான் குடியிருக்கும் ஓசூரில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தேன். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், அது கொழுப்பு அல்ல என்று படித்திருக்கிறேன். படித்தது அன்று காலை உதவவில்லை.

4-ஆம் தேதி 70.3. சந்தோஷப்பட்டுச் சாப்பிட்டேன். 5-ஆம் தேதி 71.0. சோற்றை நிறுத்தினேன். 6-ஆம் தேதி 70.1. 7-ஆம் தேதி 71.3. பிறகு ஒரு நாளைக்கு மூன்று முறை தராசில் ஏறி நின்றேன்.

“ஏங்க, ஏர்றதுக்கு முன்னாடி மூச்ச வேற வெளிய விடுறீங்க,” என்றாள் மனைவி, குளியலறை வாசலில் நின்று. “காத்து எத்தன கிராம்?”

நான் வேலை செய்வது தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில். தராசையே சந்தேகப்பட்டு, 8-ஆம் தேதி அதைப் பையில் போட்டு எடுத்துப்போனேன். சான்று பெற்ற இருபது கிலோ எடைக் கற்கள் மூன்றை அதன் மேல் வைத்தேன். 60.0 காட்டியது. எடுத்து வைத்தேன். மறுபடியும் 60.0. அது பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

11-ஆம் தேதி, செவ்வாய். சிஎன்சி மெஷினில் ஓடிய ஷாஃப்ட்டுகளின் அளவு தாறுமாறாக வந்தது. போய்ப் பார்த்தால் ஆபரேட்டர் ஒவ்வொரு பீஸை அளந்ததும் ஆஃப்செட்டை, அதாவது வெட்டும் அளவுக்கான திருத்தத்தை, மாற்றிக்கொண்டிருந்தார். பேரிகை என்ற ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என் வயதுதான்.

“ரெண்டு மைக்ரான் ஏறினா எறக்குறீங்க, எறங்கினா ஏத்துறீங்க. அது மெஷினு தானா ஆடுற ஆட்டம். நீங்க கை வெச்சு அதப் பெருசாக்குறீங்க,” என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “சரி சார். நீங்க கேன்டீன்ல என்னா பண்றீங்க? நேத்து ரெண்டு சப்பாத்தி, இன்னிக்கு வெறும் மோரு. நாளைக்கு என்னா ஆஃப்செட்டு?”

அவர் சொன்னது சரி என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்கு இதைத்தான் சொல்லி வருகிறேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மறுபடி தராசில் ஏறினேன்.

16-ஆம் தேதி, ஞாயிறு, அக்கா வீட்டுக்குப் போனேன். கண்ணின் வெள்ளை பூராவும் மஞ்சள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாமா களி கிண்டுவதை மேற்பார்வை செய்தாள். மாமா தோட்டத்துக்குப் போன பிறகு பேச்சை ஆரம்பித்தாள்.

“கன்னம் ஒட்டிப்போச்சு. பயமா இருக்குதாடா?”

“எடதான் பயம். ஏறிடுமோன்னு.”

“நான் அதக் கேக்கல.” வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். “உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. வேணாம்னு தோணிச்சுன்னா சொல்லிடு. யாருகிட்டயும் காரணம் சொல்ல வேணாம். எட ஏறிப்போச்சு, டாக்டர் வேணாம்னுட்டாருன்னு சொல்லிக்கலாம். நானும் அதையே சொல்லிக்குவேன்.”

“சும்மா இரு அக்கா,” என்றேன். பிறகு உட்கார்ந்து, கீரைக் கடைசலோடு முழுக் களி உருண்டைகள் இரண்டு சாப்பிட்டேன். ஐந்து மாதமாக அரை உருண்டைக்கு மேல் தொட்டதில்லை.

மறுநாள் காலை 72.3.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு தராசின் மேலேயே நின்றேன். இறங்கி மறுபடி ஏறினேன். அதே எண். இரண்டு உருண்டைக் களி எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். பயம் கணக்கில் இல்லை. பசித்ததால் சாப்பிட்டேனா, அவள் எடுத்துக் கொடுத்த காரணத்தை உண்மையாக்குவதற்காகச் சாப்பிட்டேனா? அந்தக் கேள்வி ஒருமுறை வந்த பிறகு போகவில்லை. ஆறு மணிக்கு அவளுக்கு போன் செய்தேன்.

“அறுபது நூறு,” என்றாள். “உனக்கு?”

அவளுக்கும் அரை கிலோ ஏறியிருந்தது. “எழுபத்தொண்ணு... நானூறு,” என்றேன். குறிப்பேட்டில் 72.3 என்றுதான் எழுதினேன்.

புதன்கிழமை வரை சாப்பாடு வேண்டாம், தண்ணீரும் நாக்கு நனையும் அளவுக்குத்தான் என்று முடிவு செய்தேன். செவ்வாய் மதியம் வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மனைவி என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். காலையில் நிரப்பிய அளவிலேயே இருந்தது. மருத்துவமனை ஒருங்கிணைப்பாளருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எழுபத்திரண்டுக்காக நான் பட்டினி கிடப்பதைச் சொன்னாள். அந்தப் பெண் கன்னடக்காரர், தமிழும் பேசுவார்.

“எழுபத்திரண்டா? ஃபைல்ல அப்படி ஒரு நம்பரே இல்லையே சார். யாரு சொன்னது?”

“டாக்டர்.”

“டாக்டர் பத்துப் பன்னெண்டு கிலோ கொறைங்கன்னுதான் சொன்னாரு,” என்றாள் மனைவி. “நான் பக்கத்துலதான இருந்தேன். நீங்களா கழிச்சு எழுதினீங்க.”

“ஊட்டா பிட்டு பரபேடி சார், சாப்பிடாம வராதீங்க. பட்டினியா வந்தா ரிப்போர்ட்டுதான் கெட்டுப்போகும். தண்ணி குடிங்க மொதல்ல. ஒரு கிலோ, ரெண்டு கிலோ யாரும் பாக்க மாட்டாங்க. கல்லீரலத்தான் பாப்பாங்க.”

போன் வைத்த பிறகு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எழுபத்திரண்டு இல்லை என்றால், இத்தனை நாள் நான் காவல் காத்தது எதை? எண் விலகியதும் அதற்குப் பின்னால் இருந்தது தெரிந்தது: வெள்ளை விளக்குக்குக் கீழே ஒரு மேஜை, அதன் மேல் நான்.

“எனக்கு அறுத்துக்கப் பயம்,” என்றேன்.

மனைவி மோரில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். “அதச் சொல்றதுக்கா ரெண்டு வாரம் பட்டினி கெடந்தீங்க?” டம்ளரை என் கையில் வைத்தாள். “குடிங்க. எனக்கும்தான் பயம்.”

புதன்கிழமை மருத்துவமனைத் தராசில், சட்டை பேண்ட்டோடு, 71.9. நர்ஸ் அதை எழுதிவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கேன் முடிவு 24-ஆம் தேதி வந்தது. கொழுப்பு போதுமான அளவு குறைந்திருக்கிறது, கொடுக்கலாம் என்றார் டாக்டர். பிறகு மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, முழு சம்மதமா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். வேண்டாம் என்றால் காரணத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார். அக்கா சொன்ன அதே சலுகை. சம்மதம் என்றேன். அவர் பேனாவை எடுப்பதற்குள் இரண்டாவது முறையும் சொன்னேன்.

வெளியே வந்து அக்காவுக்கு போன் செய்தேன். முடிவைச் சொல்லிவிட்டு, அந்தத் திங்கட்கிழமை பொய்யான எண் சொன்னதையும் சொன்னேன்.

“நீ இழுத்தப்பவே தெரிஞ்சுது. எத்தன இருந்துச்சு?”

“எழுபத்திரண்டு முந்நூறு.”

“அவ்ளோதானா.” பிறகு, “இப்பவும் பயமா இருக்குதா?”

“இருக்குது.”

“எனக்கும்தான். வந்து சேரு.”

அறுவை சிகிச்சை ஏப்ரல் 23, புதன்கிழமை நடந்தது. அக்கா மே கடைசியில் ஊருக்குத் திரும்பினாள். கண்ணில் மஞ்சள் இல்லை. காலை ஆறு மணிக்கு போன் இன்னும் தொடர்கிறது. அவள் எண்ணுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு நொடியில் குறிப்பேட்டில் அவளுடைய நேற்றைய எண்ணை இன்னும் தேடிப் பார்க்கிறேன்.

பதிவுக்காக ஒன்று. என்னிடமிருந்து எடுத்த பகுதி எத்தனை கிராம் என்பது டிஸ்சார்ஜ் தாளில் இல்லை. அறுநூற்று ஐம்பது இருக்கும் என்று வார்டில் ஒரு நர்ஸ் வாய்மொழியாகச் சொன்னார். அவர் அறுவை அரங்கில் இருந்தவர் அல்ல. அறுவைக் குறிப்பின் நகல் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. ஆகவே அந்த எடை உறுதி செய்யப்படாதது.